எச்.ஐ.வி வருத்தக்காரரை வீட்டில வச்சுப் பாக்கிற புது ஆக்களுக்கு: பங்கசு, ஒட்டுண்ணி வருத்தங்கள் வந்தா என்ன செய்யிறது

எங்கட அண்ணாவுக்கு, சின்னம்மாட மகன், மூண்டு கிழமையாத் தலையிடி. முதல் கிழமை பனடோல், ரெண்டாம் கிழமை தைலம், மூண்டாம் கிழமை ஒரு தனியார் டிஸ்பென்சரியில பாத்திட்டு கண்ணாடி போடச் சொல்லிச்சினம். அந்த டொக்டரில குறை சொல்ல ஏலாது, ஏனெண்டா தனக்கு எச்.ஐ.வி இருக்கெண்டும் சொல்லேல்ல, மருந்தை நிப்பாட்டி எட்டு மாசம் எண்டும் அண்ணா சொல்லேல்ல. நாலாம் கிழமை சத்தி தொடங்கி, பிறகு அம்மாவையே ஆரெண்டு கேக்கத் தொடங்கினாப் பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்தினம். மூளையைச் சுத்தியிருக்கிற தண்ணிக்குள்ள கிரிப்டோகொக்கசு எண்ட பங்கசு. ஆள் தப்பிட்டார், ஆனா இடது கண்ணில பார்வை முக்கால்வாசி போட்டுது.

அதுக்குப் பிறகு இந்த வருத்தம் உள்ள கொஞ்சப் பேரோட கிளினிக்குக்குக் கூடப்போய் வாறன். நான் டொக்டர் இல்லை, மருந்தளவு சொல்லித்தாறதும் என்ர வேலை இல்லை. ஆனா வீட்டில பாக்கிற மனிசருக்கு, மனிசிக்கு, அம்மாவுக்கு, எதைக் கண்டா ஓடவேணும், எதுக்கு அவதிப்படத் தேவையில்லை எண்டு ஒருத்தரும் ஆறுதலா இருந்து சொல்லிக் குடுக்கிறேல்ல. புதுசா இந்தப் பொறுப்புக்கு வந்தாக்கள் இதைப் படிப்படியா வாசியுங்கோ.

முதல் படி: கிளினிக் கொப்பியில சிடி4 இலக்கத்தைத் தேடுங்கோ

எச்.ஐ.வி கிருமி நேர ஆளைக் கொல்லுறேல்ல. அது ரத்தத்தில காவல்காரர் மாதிரி இருக்கிற சிடி4 எண்ட வெள்ளை அணுக்களை ஒவ்வொண்டாத் தின்னுது. வயல்காவல் இருந்தாக்களுக்கு இதைச் சொன்னா உடன விளங்கும், பன்றி எப்பவும் காட்டுக்குள்ள இருக்குது, கொட்டிலில ஆள் முழிச்சிருந்து வெடி கொளுத்தினா வராது, காவல் இல்லாத இரவு பாத்துத்தான் உள்ளுக்க இறங்கும். அதே மாதிரித்தான் இந்தப் பங்கசும் ஒட்டுண்ணியும். எங்கட மண்ணில, தண்ணியில, காத்தில, எங்கட உடம்புக்குள்ளயே எப்பவும் இருக்குது. உங்களுக்கும் எனக்கும் பெரும்பாலும் பெரிசா ஒண்டும் செய்யாது. காவல் குறைஞ்ச உடம்பிலதான் உயிராபத்தா இறங்கும். அதாலதான் இதுகளைச் சந்தர்ப்பவாதத் தொற்று எண்டு சொல்லினம்.

சுகமான ஒரு வளந்த ஆளுக்கு சிடி4 ஏறக்குறைய 500இல இருந்து 1500 வரைக்கும் இருக்கும். 200க்குக் கீழ இறங்கினா அதைத்தான் எய்ட்ஸ் நிலை எண்டு சொல்லுறது. 200க்குக் கீழ எண்டா நெஞ்சில வாற நியூமோசிஸ்டிஸ். 100க்குக் கீழ எண்டா மூளையில வாற டொக்சோபிளாஸ்மாவும் கிரிப்டோகொக்கசும், நிக்காத வயித்தோட்டமும். கோடு கீறின மாதிரி இல்லை, கொஞ்சம் முன்னுக்குப் பின்னுக்கு வரும், ஆனா இந்த ரெண்டு இலக்கத்தையும் மனசில வையுங்கோ. கடைசியா எப்ப எடுத்தது, எவ்வளவு எண்டு கொப்பியின்ர முதல் பக்கத்தில பெரிசா எழுதி வையுங்கோ. கொப்பியில இல்லாட்டி அடுத்த கிளினிக்கில வாய்திறந்து கேளுங்கோ. 100க்குக் கீழ இருந்தா இன்னொண்டும் கேக்கவேணும்: ரத்தத்தில கிரிப்டோகொக்கசு சோதினை செய்தாச்சோ எண்டு. தலையிடி வரமுதலே, கிழமைக்கணக்கா முதலே, ரத்தத்தில அது காட்டும், அந்த நேரம் பிடிச்சா குளிசையோட தடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 200 வரைக்கும் உள்ளவைக்கும் இதைச் செய்யலாம் எண்டுதான் சொல்லுது. எங்கட அண்ணாவுக்கு ஆரும் அந்த நேரம் செய்திருந்தா அந்தக் கண் போயிருக்காது, அது இண்டைக்கும் மனசுக்குள்ள கிடந்து அரிக்குது.

ரெண்டாம் படி: ரெண்டு குளிசை, ரெண்டையும் விடாமல்

ஒண்டு ஏ.ஆர்.வி, எச்.ஐ.வி கிருமியை அடக்கிற மருந்து. கனபேருக்கு இப்ப மூண்டு மருந்து சேர்ந்த ஒரே குளிசை, ஒரு நாளைக்கு ஒருக்கா. கிருமியை அடக்கி வச்சா சிடி4 தன்பாட்டில ஏறும், சிடி4 ஏறினா இந்தக் கட்டுரையில எழுதியிருக்கிற முக்கால்வாசி வருத்தம் கிட்ட வராது. இலங்கையில அரசாங்க கிளினிக்கில இது இலவசம், மாவட்ட ஆஸ்பத்திரியளோட சேர்ந்து இருக்கிற பாலியல் நோய் கிளினிக்கில குடுக்கினம். ஊராக்கள் கண்டிடுவினம் எண்டு பயந்து முல்லைத்தீவில இருக்கிறவர் வவுனியாவுக்கும், வவுனியாக்காரர் அனுராதபுரத்துக்கும் பஸ் ஏறிப் போய் எடுக்கினம். எடுக்கிறதுதான் முக்கியம், எங்க எடுத்தாலும் பரவாயில்லை. ஒரு விசயம், டொலுடெக்ராவிர் உள்ள குளிசை எண்டா அதோட சேத்து இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம், நெஞ்செரிவுக்குக் குடிக்கிற வெள்ளை மருந்து எடுக்கக்கூடாது, வெறும் வயித்தில சேர்ந்து போனா மருந்து உடம்பில ஒட்டாது. ஏ.ஆர்.வி முதல் போட்டு ரெண்டு மணித்தியாலம் கழிச்சு மற்றதை எடுங்கோ.

மற்றக் குளிசை கோட்ரைமொக்சசோல், பழைய ஆக்கள் செப்ட்ரின் எண்டு சொல்லுவினம். விலையில மலிவு, பாக்க ஒண்டுமில்லாத வெள்ளைக் குளிசை. ஆனா இது ஒண்டே நியூமோசிஸ்டிசையும் தடுக்குது, டொக்சோபிளாஸ்மாவையும் தடுக்குது, வயித்தோட்டம் தாற சில ஒட்டுண்ணியளையும் தடுக்குது. சிடி4 குறைஞ்ச ஆளுக்கு ஒவ்வொரு நாளும் குடுக்கினம். எத்தினை எண்டு டொக்டர் எழுதுவார், எப்ப நிப்பாட்டிறது எண்டும் அவர்தான் சொல்லவேணும், "இப்ப சுகமாத்தானே இருக்கிறார்" எண்டு நீங்கள் நிப்பாட்டக்கூடாது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாத ஆள் எண்டா முதலே சொல்லிப்போடுங்கோ. தொடங்கி முதல் ரெண்டு கிழமைக்குள்ள உடம்பெல்லாம் சிவந்து தடிச்சா கிளினிக்குக்குக் காட்டுங்கோ, வாய், கண் எல்லாம் கொப்பளிச்சு தோல் உரியத் தொடங்கினா அடுத்த குளிசை போடாமல் அப்பிடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, அது உயிர் போற விசயம்.

வவுனியாப் பக்கத்து ஆக்களுக்குத் தனியா ஒண்டு. எங்கட பக்கத்தில சிறுநீரக வருத்தம் உள்ள கமக்காரர் கனபேர். ஏ.ஆர்.வியில சேர்ந்திருக்கிற டெனோஃபோவிர், பங்கசுக்கு ஏத்திற அம்ஃபோடெரிசின், ரெண்டும் சிறுநீரகத்தில கைவைக்கக் கூடிய மருந்துகள். சிறுநீரகக் கிளினிக் கொப்பி தனியா, எச்.ஐ.வி கொப்பி தனியா வச்சிருந்து ஒண்டை மற்றவைக்குக் காட்டாமல் இருக்கிற ஆக்களைப் பாத்திருக்கிறன். ரெண்டு கொப்பியையும் ரெண்டு இடத்திலயும் காட்டுங்கோ.

இன்னொண்டு, ஏ.ஆர்.வி தொடங்கி முதல் சில கிழமையில ஆள் திடீரெண்டு மோசமாகலாம். காய்ச்சல், கழலை வீக்கம், பழைய தலையிடி திரும்ப வாறது. "இந்த மருந்துதான் ஆளைக் கெடுக்குது" எண்டு சொந்தக்காரர் நிண்டு நிப்பாட்டிப் போடுவினம். உண்மையில நடக்கிறது என்னெண்டா நித்திரையில இருந்த காவல்காரர் முழிச்சு, உள்ளுக்க ஒளிச்சிருந்த கிருமியோட சண்டை தொடங்கினம். மருந்தை நிப்பாட்டாதேங்கோ, ஆளை உடன கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ. இதே காரணத்தாலதான் மூளையில கிரிப்டோகொக்கசு இருக்கிற ஆளுக்கு டொக்டர்மார் ஏ.ஆர்.வியை நாலு தொடக்கம் ஆறு கிழமை பிந்தித் தொடங்குவினம், அதைப் பாத்திட்டு எங்கட ஆளைக் கவனிக்கேல்ல எண்டு சண்டைக்குப் போகாதேங்கோ.

மூண்டாம் படி: தலையில இருந்து தொடங்கி ஆளை ஒருக்காப் பாருங்கோ

தலை. சிடி4 குறைஞ்ச ஆளுக்கு வாற புதுத் தலையிடியை ஒருநாளும் தடிமன் தலையிடி எண்டு நினைக்காதேங்கோ. கிரிப்டோகொக்கசு மெல்ல மெல்ல வரும், ஒரு கிழமை, ரெண்டு கிழமை, மூண்டு கிழமை எண்டு இழுக்கும், காய்ச்சல் கனக்க இருக்காது, கழுத்து விறைப்பும் இருக்காமல் விடலாம், அதாலதான் ஏமாத்துது. பிறகு சத்தி, வெளிச்சம் பாக்க ஏலாமை, ஒண்டு ரெண்டாத் தெரியிறது, பேச்சுக் குழம்பிறது. டொக்சோபிளாஸ்மா வேற மாதிரி, அது மூளைக்குள்ள கட்டி கட்டியா வாற ஒட்டுண்ணி, ஆனபடியா ஒரு பக்கக் கை கால் விழும், வாய் கோணும், வலிப்பு வரும், பாரிசவாதம் வந்த மாதிரியே இருக்கும். முப்பது வயசுப் பொடியனுக்குப் பாரிசவாதம் எண்டு எண்ணெய் தேய்க்கக் கொண்டுபோன கதையும் எனக்குத் தெரியும். ஸ்கான் எடுத்தா அந்தக் கட்டியள் வளையம் மாதிரித் தெரியும். டொக்சோவுக்கு மருந்து தொடங்கினா கனபேர் ரெண்டு கிழமைக்குள்ளயே தேறி வருவினம், ஆனா முழு மருந்து ஆறு கிழமைக்குக் குறையாது.

முள்ளந்தண்டில ஊசி போட்டுத் தண்ணி எடுக்கிறதைப் பற்றி இதில நீட்டி எழுதவேணும், ஏனெண்டா எங்கட வீட்டிலயே இதால ரெண்டு நாள் வீணாப்போச்சு. டொக்டர் கையெழுத்துக் கேட்டவர். சின்னம்மா ஏலாது எண்டிட்டா, நாரியில ஊசி போட்டா கால் ரெண்டும் விளங்காமல் போகும், முதுகுத் தண்ணியை எடுத்தா ஆள் செத்திடும் எண்டு ஆரோ பக்கத்துக் கட்டில் ஆக்கள் சொல்லிப்போட்டினம். உள்ளதைச் சொல்லுறன். ஊசி போடுற இடம் நாரிக்குக் கீழ, அந்த இடத்தில முண்ணாண் முடிஞ்சு வெறும் நரம்புக் கத்தைதான் இருக்கு, அதால கால் போறது எண்டது சரியான அபூர்வம். கிரிப்டோகொக்கசு வந்தா மண்டைக்குள்ள அமுக்கம் ஏறும், அந்த அமுக்கம்தான் கண்ணைக் குருடாக்கிறது, காதை அடைக்கிறது, ஆளைக் கொல்லுறது. அந்தத் தண்ணியைக் கொஞ்சம் வெளியில எடுத்தாத்தான் அமுக்கம் இறங்கும். ஒருக்கா எடுத்தாக் காணாது, சிலருக்கு ஒவ்வொரு நாளும் எடுக்கவேண்டி வரும். மூண்டாம் நாள் மாமா வந்து சத்தம் போட்டுக் கையெழுத்து வச்சாப் பிறகு எடுத்திச்சினம். எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள அண்ணா கண்ணைத் திறந்து, "தலையில இருந்த கல்லை இறக்கின மாதிரிக் கிடக்கு" எண்டார். டொக்டர் கேட்டா, விளங்காததைத் திரும்பக் கேளுங்கோ, ஆனா கையெழுத்தை வையுங்கோ.

வாய். நாக்கிலயும் கன்னத்து உள்பக்கத்திலயும் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளை வெள்ளையா இருக்கும், சுரண்டினா வரும், கீழ சிவப்பாத் தெரியும். இது கான்டிடா எண்ட பங்கசு. பயப்பிடத் தேவையில்லை, நிஸ்டாட்டின் துளி மருந்து குடுப்பினம், அதை உடன விழுங்கக்கூடாது, வாய் முழுக்கச் சுழட்டி வச்சிருந்து பிறகு விழுங்கவேணும். ஆனா சோறு விழுங்கேக்க நெஞ்சுக்குள்ள நோகுது, எரியுது, தண்ணி இறங்கவும் வலிக்குது எண்டு சொன்னா பங்கசு உணவுக்குழாய்க்குள்ள இறங்கிட்டுது, துளி மருந்து காணாது, ஃபுளூகொனசோல் குளிசை ரெண்டு மூண்டு கிழமை வேணும். அது எய்ட்ஸ் நிலையைக் காட்டிற வருத்தம், ஆனபடியா சிடி4 திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ. கர்ப்பிணி எண்டாலோ, கர்ப்பம் எண்டு சந்தேகம் எண்டாலோ ஃபுளூகொனசோலை பார்மசியில தன்பாட்டில வாங்கிப் போடவே கூடாது. வாய் நொந்துகொண்டு இருக்கிற ஆளுக்கு மிளகாய்த்தூள் கறியை வைக்காதேங்கோ, பால் சொதியும் நல்லாக் குழைய விட்ட சோறும் குடுங்கோ.

நெஞ்சு. 1981 ஜூன் 5இல அமெரிக்காவில லாஸ் ஏஞ்சலிசில அஞ்சு இளம் ஆம்பிளையளுக்கு நியூமோசிஸ்டிஸ் எண்ட அபூர்வமான நியூமோனியா வந்திருக்கெண்டு ஒரு சின்ன அறிக்கை வந்தது, எய்ட்ஸ் எண்ட வருத்தம் உலகத்துக்குத் தெரிய வந்ததே அப்பிடித்தான். முந்தி இதை ஒட்டுண்ணி எண்டு நினைச்சினம், பிறகுதான் பங்கசு எண்டு கண்டுபிடிச்சினம். இது வாற விதம் இப்பிடி: வறட்டு இருமல், சளி வராது, காய்ச்சல் வந்து போகும், நாளுக்கு நாள் இளைப்புக் கூடும். போன கிழமை கிணத்தடிக்குப் போய் வந்தவர் இந்தக் கிழமை முத்தத்தில நிண்டு மூச்சு வாங்குவார், இருந்தா ஒண்டும் தெரியாது, நடந்தாத்தான் தெரியும். கொரோனாக் காலத்தில விரலில மாட்டிற ஒக்சிமீட்டர் வாங்கின வீடுகள் இருக்கு, அது இருந்தா இருத்தி ஒருக்காப் பாருங்கோ, பிறகு முத்தத்தைச் சுத்தி ரெண்டு மூண்டு தரம் நடத்திப்போட்டுப் பாருங்கோ. நடந்தாப் பிறகு ஒக்சிசன் இலக்கம் விழுந்தா, இல்லாட்டி இருக்கேக்கயே 94க்குக் கீழ எண்டா, விடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. எக்ஸ்ரே தொடக்கத்தில வடிவாவே இருக்கலாம், "எக்ஸ்ரே நல்லம்" எண்டு அனுப்பினாலும் இளைப்பு நிக்காட்டித் திரும்பப் போங்கோ. வைத்தியம் அதே கோட்ரைமொக்சசோல்தான், ஆனா கூடின அளவில 21 நாள். ஒக்சிசன் குறைஞ்ச ஆக்களுக்கு ஸ்டீரோயிட்டும் சேத்துக் குடுப்பினம்.

சளியோட இருமல், இரவில வேர்வை, உடம்பு மெலியிறது எண்டா காசநோய் சோதினை கட்டாயம் செய்யுங்கோ. அது பக்டீரியா, இந்தக் கட்டுரைக்குள்ள வராது, ஆனா எச்.ஐ.வி ஆக்களைக் கூடக் கொல்லுறது அதுதான், மற்றவைக்கும் காத்தால தொத்தும்.

வயிறு. கிரிப்டோகொக்கசு வேற, கிரிப்டோஸ்போரிடியம் வேற, முதலாவது மூளைக்குப் போற பங்கசு, ரெண்டாவது வயித்துக்கு வாற ஒட்டுண்ணி. ரெண்டையும் "கிரிப்டோ" எண்டுதான் சுருக்கிக் கதைப்பினம், துண்டில எது எழுதியிருக்கெண்டு வடிவாப் பாருங்கோ. இந்த வயித்தோட்டம் தண்ணி மாதிரி, ரத்தம் இருக்காது, நாளைக்குப் பத்துப் பதினைஞ்சு தரம், கிழமைக்கணக்கா நிக்காது, ஆள் எலும்பும் தோலுமாப் போவார். ஜீவனிப் பக்கெட்டை (வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற உப்புச் சீனித் தூள்) கொதிச்சாறின தண்ணியில, பக்கெட்டில போட்டிருக்கிற அளவுக்குக் கரைச்சு, ஒவ்வொரு தரம் போனாப் பிறகும் குடுங்கோ, கஞ்சியும் குடுங்கோ, செவ்விளநீர் கிடைச்சா அதுவும் நல்லம். மலத்தைச் சோதிக்கக் குடுக்கேக்க "எச்.ஐ.வி ஆள், கிரிப்டோஸ்போரிடியமும் பாருங்கோ" எண்டு துண்டில டொக்டரைக் கொண்டு எழுதுவியுங்கோ, ஏனெண்டா சாதாரண மலச்சோதினையில இது தெரியாது, தனிச் சாயம் போட்டுத்தான் பாக்கவேணும். இதே மாதிரி வயித்தோட்டம் தாற வேற கிருமியளும் இருக்கு: சிஸ்டோஐசோஸ்போரா எண்டா கோட்ரைமொக்சசோலுக்கே கேக்கும், மைக்ரோஸ்போரிடியாவில சில வகை பூச்சிக்குக் குடுக்கிற அல்பெண்டசோலுக்குக் கேக்கும், கிரிப்டோஸ்போரிடியத்துக்கு மட்டும் நிச்சயமான மருந்து இல்லை, ஏ.ஆர்.வி போட்டு சிடி4 ஏறினாத்தான் வயித்தோட்டம் நிக்கும். ஆனபடியா வயித்தோட்டம் எண்டு ஏ.ஆர்.வியை விடுறது நெருப்பில எண்ணெய் விடுற வேலை.

தோல். ஆறாத, நோகாத புண் முகத்தில, கையில இருந்தா தட்டிக்கழிக்காதேங்கோ. இலங்கையில மணல் ஈயால வாற லீஷ்மேனியா எண்ட ஒட்டுண்ணி பெரும்பாலும் தோலோட நிண்டிடும், சிடி4 குறைஞ்ச ஆளுக்கு உள்ளுறுப்புக்கும் போகலாம். மலேரியாவைப் பற்றி முதியாக்கள் கேப்பினம், சண்டைக் காலத்தில வன்னியில மலேரியா வராத வீடு இல்லைத்தானே. 2016 செப்டெம்பரில இலங்கையை மலேரியா இல்லாத நாடு எண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சிட்டுது. ஆனா இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்த ஆளுக்குக் காய்ச்சல் எண்டா ரத்தம் குத்திப் பாக்கச் சொல்லுங்கோ.

நாலாம் படி: வீடும் வளவும்

தண்ணிதான் முதல். கிணத்துக்குக் குளோரின் போட்டாச்சு, பயமில்லை எண்டு நினைக்கிறம். குளோரின் கனக்கக் கிருமியைக் கொல்லும், கிரிப்டோஸ்போரிடியத்தைக் கொல்லாது, அதின்ர கோது அவ்வளவு கெட்டி. 1993இல அமெரிக்காவில மில்வோக்கி நகரத்தில குளோரின் போட்ட குழாய்த் தண்ணியாலேயே நாலு லட்சம் பேர் மட்டில வயித்தோட்டத்தில விழுந்தவை. ஆனா கொதிக்க வச்சாச் செத்திடும். தண்ணி தளதளவெண்டு கொதிச்சு ஒரு நிமிசம் நிக்கட்டும், பிறகு மூடி ஆறவிடுங்கோ. முகாமில இருந்த காலத்தில விறகு இல்லாமல் தண்ணி கொதிக்க வைக்க ஏலாமல் பட்ட பாடு எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இப்ப விறகு இருக்கு, கேத்தில் இருக்கு, ஒரு பெரிய போத்தலில ஆளுக்கெண்டு தனியா ஊத்தி வையுங்கோ. பல்லு விளக்கவும் அதுதான். வயலுக்குப் போனா அதையே கொண்டு போகட்டும், வாய்க்கால் தண்ணி, குளத்துத் தண்ணி குடிக்கக்கூடாது, குளத்தில முழுகேக்க வாய்க்குள்ள போறதும் கணக்குத்தான்.

மாடு கண்டு போட்டிருக்கிற வீடு எண்டா சிடி4 குறைஞ்ச ஆளைக் கண்டுக்குட்டியோட விளையாட விடாதேங்கோ, பட்டியும் கூட்ட விடாதேங்கோ, கழியிற கண்டு இந்த ஒட்டுண்ணியை அள்ளிக் கொட்டும். கை கழுவிறது சவுக்காரத்தால தேய்ச்சு ஓடுற தண்ணியில. கொரோனாவுக்கு வாங்கின சனிட்டைசர் இதுக்குச் சரிவராது, அது இந்தக் கோதை ஒண்டும் செய்யாது. வயித்தோட்ட ஆளின்ர உடுப்புத் தோய்ச்சாப் பிறகு பாக்கிறாக்களும் அப்பிடித்தான் கழுவவேணும், எச்.ஐ.வி அதால வராது, வயித்தோட்டம் வரும். கோப்பை, கட்டில், கழிப்பறை எல்லாம் ஒண்டாப் பாவிக்கலாம், ஆளைத் தனிக் கொட்டிலில விடத் தேவையே இல்லை.

பூனை. கனபேர் டொக்சோ எண்டு கேள்விப்பட்டவுடன பூனையைக் கொண்டுபோய் சந்தியில விட்டிட்டு வருகினம், பாவம், அது தேவையில்லை. பூனையின்ர பீயில வாற முட்டை வெளியில ஒண்டு தொடக்கம் அஞ்சு நாள் கிடந்தாத்தான் தொத்தும். ஆனபடியா ஒவ்வொரு நாளும் வேற ஆரும் எடுத்துப் புதைச்சாக் காணும். எங்கட பூனையள் மண்ணுக்குள்ளயும் மரக்கறிப் பாத்திக்குள்ளயும் இருக்கிறபடியா, வருத்தக்காரர் தோட்டம் கொத்தினா கையுறை போடட்டும், கீரை, வல்லாரை பச்சையாச் சம்பல் போடாமல் அவிச்சுக் குடுங்கோ. பூனையை விடப் பெரிய காரணம் இறைச்சி. பன்றி, மரை, ஆடு எதெண்டாலும் உள்ளுக்க சிவப்பு இல்லாமல் வேகவேணும். வத்தல் போட்டதை நெருப்பில வாட்டிச் சும்மா கடிக்கிறது எங்கட ஆக்களுக்குப் பெரிய ஆசை, இவருக்கு அது வேண்டாம், கறியாக் காய்ச்சி நல்லா வேகவிட்டுக் குடுங்கோ.

கிரிப்டோகொக்கசு புறா எச்சத்திலயும் மண்ணிலயும் இருக்கு, மூச்சோட உள்ளுக்க போறது, முழுசாத் தப்ப ஏலாது. ஆனா புறாக்கூடு கழுவிறது, கோயில் மண்டபத்து எச்சம் சுரண்டிறது, ஷெல் விழுந்து உடைஞ்சு வவ்வால் அடைஞ்ச பழைய வீடு துப்புரவாக்கிறது, இந்த வேலையளுக்கு அவரைக் கூப்பிடாதேங்கோ.

கடைசியாச் செருப்பு. ஸ்ட்ரோங்கிலோயிடஸ் எண்ட புழு ஈர மண்ணில இருந்து வெறுங்கால் தோலால ஏறும், வருசக்கணக்கா உள்ளுக்கயே கிடக்கும். மேல சொன்ன ஸ்டீரோயிட் குடுக்கேக்க அது உடம்பெல்லாம் பரவிச் சாகடிக்கலாம். ஆனபடியா "இவர் வெறுங்காலோட வயல் செய்தவர்" எண்டு டொக்டருக்குச் சொல்லுங்கோ, அதுக்குச் சோதினையும் இருக்கு, குளிசையும் இருக்கு.

அஞ்சாம் படி: ஆஸ்பத்திரியில முதல் வசனம்

கிளினிக்கில எல்லாம் தெரியும், பிரச்சினை இரவில ஓபிடிக்கு (வெளிநோயாளர் பகுதிக்கு) ஓடேக்கதான். அங்க இருக்கிற டொக்டர் ஆளைப் புதுசாப் பாக்கிறார், நாங்களும் பக்கத்தில நிக்கிற ஊராக்களைப் பாத்து "காய்ச்சலும் தலையிடியும்" எண்டு மட்டும் சொல்லுறம், அவரும் காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் மருந்து தந்து விடுறார். டிஸ்பென்சரியில எங்கட அண்ணாவும் இப்பிடித்தான் சொல்லாமல் விட்டவர். வெக்கமா இருந்தா சத்தம் போட்டுச் சொல்லத் தேவையில்லை. ஒரு துண்டில இப்பிடி எழுதி மடிச்சுக் கையில குடுங்கோ: "எச்.ஐ.வி. சிடி4 இவ்வளவு, இந்தத் திகதியில. ஏ.ஆர்.வி எடுக்கிறார், அல்லது விட்டு இத்தினை மாசம். கோட்ரைமொக்சசோல் எடுக்கிறார், அல்லது இல்லை. தலையிடி இத்தினை நாள்." இந்த நாலு வரி டொக்டரின்ர நினைப்பையே மாத்தும், பனடோல் தாற கை ஸ்கானுக்கு எழுதும். மருந்து விட்டதைச் சொன்னா பேசுவினம் எண்டு பயப்பிடுறியள், பேசினாப் பேசட்டும், மறைக்காதேங்கோ. ஆரும் நேர்ஸ், அற்றெண்டன் முகம் சுளிச்சா அந்த இடத்தில வாதாடி நேரத்தைப் போக்காதேங்கோ, கிளினிக் டொக்டரிட்டப் பிறகு சொல்லுங்கோ, இப்ப ஆளைப் பாக்கவேணும்.

வலிப்பு, ஆளை மதி தெரியாமை, ஒரு பக்கம் விளங்காமை, இருந்த இடத்தில இளைப்பு, கண் மங்கிறது, சத்தியோட நிக்காத தலையிடி, சலம் போகாத அளவுக்கு வயித்தோட்டம். இதில ஒண்டு வந்தாலும் மோட்டச்சைக்கிளில நடுவில இருத்திக்கொண்டு போகாதேங்கோ, 1990 எண்ட அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கோ, காசு எடுக்கமாட்டினம், அம்புலன்சில ஒக்சிசன் இருக்கும். உள்ளூர் ரோட்டு அவைக்குத் தெரியாது, ஆனபடியா பெரிய ரோட்டுச் சந்திக்கு ஒருத்தரை ரோச் லைட்டோட அனுப்பி நிக்க விடுங்கோ.

ஒரு பை எப்பவும் கட்டிக் கிடக்கவேணும். கிளினிக் கொப்பி ரெண்டும், அந்தத் துண்டு, ஏ.ஆர்.வி போத்தல் (வார்டில நிண்டாலும் அது தவறக்கூடாது), மற்றக் குளிசையள், ஒரு சாரம், துவாய், கொதிச்சாறின தண்ணிப் போத்தல், போன் சாஜர், ரெண்டு ஜீவனிப் பக்கெட். அண்ணாட பை இப்ப சின்னம்மா வீட்டுக் கதவடியில ஆணியில கொழுவிக் கிடக்கு, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அவரே எடுத்துக் கொட்டிப் பாத்து, முடிஞ்ச குளிசையை மாத்தி வைக்கிறவர்.